குளிர்ந்தால் மட்டும் கதைக்கும் செற்

முல்லைத்தீவு பஸ் நிலையத்திலிருந்து கடற்கரைப் பக்கமாக இறங்கிப் போனால் ஒரு ஐஸ் பக்டரி வரும். அதன் தெற்குச் சுவரைப் பற்றி ஊரில் சொல்லாத கதை இல்லை. அந்தச் சுவரில் குந்திய காகம் ஒன்றுக்குத் தடிமன் பிடித்து, கரையத் தொண்டை வராமல் ஒரு கிழமை முழுக்கச் சைகையாலேயே மற்றக் காகங்களைச் சாப்பிடக் கூப்பிட்டதாம். சுவரோரம் படுத்து எழும்பிய நாய் சித்திரை வெயிலிலும் போர்வை தேடித் திரிந்ததாம். கொஞ்சம் கூட்டித்தான் சொல்கிறார்கள். கூட்டாமல் சொன்னாலும் அது குளிர்ந்த சுவர்தான். உள்ளே பாளம் பாளமாக ஐஸ் அடுக்கிய அறை. வெளியே அந்தச் சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டு ஒரு தகரக் கொட்டில். கொட்டிலுக்குள் ஜெயரூபினி.

ரூபினிக்கு நாற்பத்தைந்துக்குக் கிட்ட இருக்கும். வள்ளங்களில் இருக்கிற றேடியோ செற், மீன் பார்க்கிற கருவி, வீடுகளின் ரீவி, மின்விசிறி என்று கரண்டிலும் பற்றறியிலும் ஓடுகிற எதையும் திறந்து பார்ப்பாள். திறக்கும்போது அதோடு கதைப்பாள். "சொல்லு ராசா, எங்கை நோகுது?" என்பாள். வைத்தியரிடம் பொய் சொல்கிற நோயாளிகளைப் போலத்தான் சாமான்களும். அவளுடைய மேசைக்கு வந்ததும் பாதிச் சாமான்களுக்கு நோய் இருந்த இடம் தெரியாது.

அதற்குக் காரணம் உண்டு. கடற்கரைச் சாமான்களுக்கு வருகிற நோய்களில் மிகப் பொல்லாதது சூட்டு நோய். காலையில் நன்றாக வேலை செய்யும். வெயில் ஏற ஏற உள்ளேயிருக்கிற ஏதோவொரு கடுகளவு உறுப்பு சோர்ந்து படுத்துவிடும். பின்னேரம் குளிர்ந்ததும் ஒன்றும் நடவாததுபோல எழும்பிவிடும். எது படுத்தது என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. எல்லாம் கறுத்த முகத்தோடு வரிசையாக நிற்கும். அதற்கு ஒரே வழி, ஹெயார் ட்ரையரைப் பிடித்து உறுப்புகள் ஒட்டியிருக்கிற பலகை முழுவதையும் சூடாக்கி நோயை வரவழைத்துவிட்டு, பிறகு ஒவ்வொரு உறுப்பாகத் தனித்தனியே குளிர வைத்துப் பார்ப்பது. எதைக் குளிர வைத்ததும் சாமான் உயிர்க்கிறதோ, அதுதான் கள்ளன்.

இதற்கென்று கொழும்பில் குளிர் ஸ்பிறே விற்கிறார்கள். ரூபினியிடம் ஒரு காலத்தில் ஒரு ரின் இருந்தது. அது முடிந்த பிறகு, பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டியில் கால் பிரண்ட பிள்ளைகளுக்கு அடிக்கிற விறைப்பு ஸ்பிறேயின் மிச்சம் கிடைத்தது. அதை அடித்து ஒரு ரீவியின் நோயைக் கண்டுபிடித்தாள். அந்த ரீவி அதற்குப் பிறகு ஓட்டப்போட்டிகளை மட்டும் தெளிவாகக் காட்டியது என்று சொல்கிறவர்கள் உண்டு. ஸ்பிறேயில் ஒரு குறை, ஒன்றுக்கு அடித்தால் பக்கத்திலுள்ள நாலையும் குளிர்த்திவிடும். மட்டையில் ஓட்டை போட்டு அதற்குள்ளால் அடித்துப் பார்த்தாள். கடைசியில் அவளுக்குக் கைகொடுத்தது ஆணி. நாலங்குல ஆணிக்குச் சைக்கிள் வால்வ் ரியூப்பை உறைபோல இழுத்து மாட்டி, நுனி மட்டும் தெரிய விட்டு, பக்டரி ஐஸ் அறைக்குள் போட்டு வைப்பாள். விறைத்த நுனியை உறுப்பின் தலையில் பூப்போல வைப்பாள். உறுப்பின் கம்பிக் காலில் பட்டால் கதை முடிந்தது. வைத்து எடுத்த இடத்தில் பனித்த தண்ணீரை ஸ்பிறிற் தொட்ட பஞ்சால் உடனே ஒற்றி எடுத்துவிடுவாள்.

இந்த வேலையை எங்கே பழகினாள் என்பது ஊருக்குத் தெரியும். சண்டை நடந்த காலத்தில் வயர்லெஸ் திருத்தினவள். முகாமெல்லாம் முடிந்து திரும்பி வந்தபோது, ஐந்து பேர் இருந்த வீட்டில் அவள் ஒருத்திதான் மிச்சம். ஊரில் ஒருவரும் அவளிடம் எதையும் கேட்டதில்லை. கேட்காமல் இருப்பதற்காகவே கொஞ்சம் தள்ளி நின்றார்கள். சாமானை வாசலில் தருவார்கள், "எப்ப வாறது?" என்பார்கள், போவார்கள். மரியாதைக்கு ஒரு குறையும் இல்லை. உட்காரத்தான் ஆளில்லை. மத்தியானத்தில் பார்சலை அவிழ்த்து, திறந்து கிடக்கிற ரீவிகளைப் பார்த்துக்கொண்டு சாப்பிடுவாள்.

இப்படியிருக்கிற நாளில்தான் அளம்பிலிலிருந்து இராசாத்தி வந்தாள்.

அறுபதை எட்டிய மனுசி. கரையிலிருந்து வள்ளத்தோடு கதைக்கவென்று கடற்றொழிலாளர் சங்கம் கொடுத்த றேடியோ செற்றை, பிள்ளையைத் தூக்குகிறமாதிரிச் சேலைத் தலைப்பில் சுற்றிக்கொண்டு வந்திருந்தாள். மேசையில் வைத்துவிட்டு, வேர்வையைத் துடைத்தாள்.

"செற் கதைக்குதில்லைப் பிள்ளை."

ரூபினி வயரை மாட்டிப் போட்டாள். உடனே கடலிலிருந்து யாரோ ஒருத்தன் நண்டு வலை விட்ட இடத்தைப் பற்றி இன்னொருத்தனோடு சண்டை பிடிப்பது தெளிவாகக் கேட்டது.

"கதைக்குதே அக்கா."

"இஞ்சை கதைக்கும். வீட்டைதான் கதைக்காது. ஆம்பிளையள் மாதிரி. வெளியாலை வந்தால் நல்ல பிள்ளை."

ரூபினி சிரித்துவிட்டாள். அவளுடைய சிரிப்பு அந்தக் கொட்டிலுக்கே புதுசு. கொஞ்ச நேரம் செற்றை ஓடவிட்டார்கள். அது ஓயாமல் கதைத்தது. "பிழை ஒண்டும் இல்லை அக்கா" என்று ரூபினி சொன்னாள். இராசாத்தி நம்பாமல் செற்றைப் பார்த்தாள், பிறகு கதிரையைச் சுவரோடு இழுத்துப் போட்டு முதுகைச் சாய்த்தாள்.

"ஆ, என்ன சுகம் இந்தச் சுவர். முதுகு நோவெல்லாம் இறங்குது. பஸ்ஸுக்கு நேரமிருக்கு, கொஞ்சம் இருக்கவோ?"

இருந்தாள். பக்கத்து வீட்டு ஆடு தன் சேலையைத் தின்ற கதை, சுவாமியார் பூசையில் நித்திரை தூங்கின கதை, மச்சாளின் வாய், தன் மனுசன் அல்பேர்ட்டின் குறட்டை எல்லாம் சொன்னாள். அல்பேர்ட்டின் குறட்டைக்குப் பயந்து அந்தப் பக்கக் கடலில் சுறா வருவதில்லையாம். ரூபினி தேத்தண்ணி ஊற்றினாள். ஒரு கப்தான் இருந்தது. இராசாத்திக்குக் கப்பில் கொடுத்துவிட்டு, தான் போத்தல் மூடியில் குடித்தாள்.

அடுத்த கிழமை இராசாத்தி மறுபடி வந்தாள். அதே செற். அதே நோய். மேசையில் வைத்ததும் அதே தெளிவான சத்தம்.

"பிழை ஒண்டும் இல்லை அக்கா."

"எனக்கென்னவோ விளங்கேல்லைப் பிள்ளை. மத்தியானத்திலை அவர் கூப்பிடுறார். ரெண்டு சொல்லுக் கேக்கும், பிறகு செத்துப்போகும்."

அன்றைக்கு மத்தியானம் வரைக்கும் இராசாத்தி கொட்டிலிலேயே இருந்தாள். சூரியன் உச்சிக்கு வந்ததும் செற்றில் கரகரத்த ஆண் குரல் ஒன்று கேட்டது. "இராசாத்தி, சோத்தைப் போட்டிட்டியோ?" அல்பேர்ட்தான். இராசாத்தி வெட்கப்பட்டுக்கொண்டு சொன்னாள். வள்ளத்தில் கூடப் போன பொடியன் வெளிநாடு போன பிறகு அல்பேர்ட் தனியத்தான் கடலுக்குப் போகிறார். போன் கொஞ்சத் தூரத்துக்கு மேல் ஊமை. போன மாதம் நெஞ்சு நோ என்று ஒரு நாள் கரையில் இருந்துவிட்டார். அதற்குப் பிறகு இப்படியொரு பழக்கம்: மத்தியானத்தில் அவர் வள்ளத்தில் பார்சலை அவிழ்ப்பார், இவள் வீட்டில் கோப்பையில் போடுவாள், இரண்டு பேரும் செற்றிலே கதைத்துக்கொண்டே சாப்பிடுவார்கள். அவருடைய குரல் கேட்டால் அவளுக்குச் சோறு இறங்கும்.

ரூபினி தன்னுடைய பார்சலை இரண்டாகப் பிரித்தாள். செற் நடுவில். அல்பேர்ட் கடலில், இராசாத்தி கதிரையில், ரூபினி முக்காலியில். "கூட ஆரோ இருக்கினமோ?" என்று அல்பேர்ட் கேட்டார். "செற் திருத்துற பிள்ளை" என்றாள் இராசாத்தி. "அவவுக்கும் கொஞ்சம் கறி விடன்" என்றார் அல்பேர்ட், கடலுக்கு நடுவில் இருந்துகொண்டு. அந்தச் சிரிப்பு அன்று பின்னேரம் வரைக்கும் கொட்டிலுக்குள் இருந்தது.

அதற்குப் பிறகு ரூபினி இன்னொரு கப் வாங்கினாள். பூப்போட்ட கப். பிஸ்கற் ரின் ஒன்று வாங்கினாள். கதிரைக்கு ஒரு மெத்தை தைத்தாள். இராசாத்தி வருவாள் என்று தோன்றுகிற நாட்களில் நல்ல சட்டை போட்டாள். அவளுடைய மனம் ஒரு முடிவுக்கு வந்திருந்தது. செற்றில் பிழை இல்லை. பாவம், பகல் முழுக்க வீட்டில் தனிய இருக்கிற மனுசி, கதைக்க ஆள் தேடி வருகிறது. வெறுங்கையோடு வரக் கூச்சப்பட்டுச் செற்றைத் தூக்கிக்கொண்டு வருகிறது. இப்படி நினைத்து ரூபினி இராசாத்திக்காக மனமிரங்கினாள். தனிமையைப் பற்றி ஒன்றுமே தெரியாதவள் மாதிரி.

ஊரில் உள்ள செற்றையெல்லாம் சூடாக்கிக் குளிர்த்திப் பார்க்கிறவள், இந்த ஒரு செற்றின் மூடியை மட்டும் ஒருநாளும் கழற்றிப் பார்க்கவில்லை. போடுவாள், கேட்பாள், "பிழை ஒண்டும் இல்லை" என்பாள், கேத்திலை வைப்பாள். ஹெயார் ட்ரையர் மேசைக்குக் கீழேயே கிடந்தது.

ஒருநாள் காலையில் இராசாத்தி வந்தாள். கதிரையில் இருக்கவில்லை. கண் சிவந்திருந்தது. செற்றை மேசையில் வைத்த விதத்தில் ரூபினியின் ஆணி டப்பா கவிழ்ந்தது.

"நேற்று மத்தியானம் செற் செத்துப்போச்சு. நான் அவருக்கு என்னவோ எண்டு வெயிலுக்கை கடற்கரையிலை ஓடித் திரிஞ்சனான். அவர் எனக்கு என்னவோ எண்டு கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்திட்டு, போட்ட வலையை அறுத்துவிட்டிட்டு ஓடிவந்தவர். வந்து இறங்கி நெஞ்சைப் பிடிச்சுக்கொண்டு மணலிலை இருந்தவர் பிள்ளை."

"அக்கா, முதல்லை இருங்கோ. தேத்தண்ணி..."

"எனக்குத் தேத்தண்ணி வேண்டாம். நீ ஒவ்வொரு நாளும் பிழை இல்லை, பிழை இல்லை எண்டு சொல்லுறாய். நான் என்ன, உன்னோடை இருந்து கதைக்கவோ பஸ் ஏறி வாறன்?"

ரூபினி பூப்போட்ட கப்பைக் கையில் எடுத்திருந்தாள். அதை மெல்லக் கீழே வைத்தாள். சுவரின் குளிர் அவளுடைய முதுகில் ஏறியது. எத்தனையோ வருடமாக அந்தச் சுவரோடு இருந்தவளுக்கு அன்றைக்குத்தான் அது குளிர்ந்த சுவர் என்று உறைத்தது. வெளியே சூட்டில் சாகிற செற், இந்தக் கொட்டிலுக்குள் வந்து முதுகைச் சாய்த்தால் எப்படிச் சாகும்?

"செற்றைக் கொண்டுபோங்கோ அக்கா" என்றாள். "நாளைக்கு நான் வீட்டை வாறன். அது சாகிற இடத்திலையே வைச்சுப் பார்க்கோணும்."

அவள் ஒருவருடைய வீட்டுக்கும் போய்க் கனகாலம். மறுநாள் ஐஸ் அறையிலிருந்து ஆணிகளை எடுத்து உமியும் துணியும் சுற்றிக்கொண்டு அளம்பில் பஸ் ஏறினாள். பஸ்ஸில் நெருக்கமும் சூடும் எவ்வளவென்றால், ஏறும்போது உயரமாக இருந்தவர்கள் இறங்கும்போது கொஞ்சம் உருகிக் குள்ளமாகித்தான் இறங்கினார்கள். ஆணிகளைத் தொட்டுப் பார்த்தாள். கஞ்சி கிண்டலாம் போலச் சுட்டது.

இராசாத்தியின் வீடு தகரக் கூரை வீடு. செற் இருந்த தட்டு கூரைக்குக் கிட்ட. ரூபினி கையை உயர்த்திப் பார்த்தாள், அப்பம் சுடலாம். இராசாத்தி கதிரையைக் காட்டினாள், குசினிக்குள் போனாள், கோப்பையில் சோற்றோடு வந்து செற்றுக்குக் கீழே இருந்தாள். இரண்டு பேரும் காத்திருந்தார்கள்.

"இராசாத்தி, சோத்தைப் போட்டிட்டியோ?"

"போட்டிட்டன். நீங்கள் அவிழ்த்தாச்சோ?"

"அவிழ்த்தாச்சு. இண்டைக்குச் சுறா நல்ல..."

அவ்வளவுதான். விளக்கை ஊதி அணைத்தது போலச் சத்தம் நின்றது. இராசாத்தி கோப்பையோடு திரும்பி ரூபினியைப் பார்த்தாள். ரூபினி எழும்பினாள். முக்காலியில் ஏறி மூடியைக் கழற்றினாள்.

"ஐஸ் ஏதும் இருக்கோ அக்கா?"

"பள்ளிக்கூடப் பிள்ளையளுக்கு விக்கிற ஐஸ் பக்கற்தான் கிடக்கு."

பிறிட்ஜிலிருந்து விரல் மொத்தத்தில் நீளப் பைகளாகச் சிவப்பும் மஞ்சளும் பச்சையுமாக வந்தன. ரூபினி சிவப்பை எடுத்தாள். துவாயால் அழுத்தித் துடைத்தாள். கூர்மையாகக் கட்டியிருந்த மூலையை முதலில் பெரிய உறுப்பின் தலையில் வைத்துக் கொஞ்சம் காத்திருந்தாள். ஒன்றுமில்லை. பனித்ததை ஒற்றினாள். பக்கத்தில் இருந்ததில் வைத்தாள். ஒன்றுமில்லை. ஓரத்தில், ஒருவரும் கவனிக்காத இடத்தில், மூன்று காலில் ஒரு சின்ன உறுப்பு நின்றது. செற்றுக்கு அளவாக வோல்ற்றேஜ் கொடுக்கிறது. அதன் தலையில் சிவப்பு ஐஸை வைத்தாள்.

"...கேக்குதோ? இராசாத்தி, என்னடியப்பா, சுகமோ?"

இராசாத்தி பாய்ந்து செற்றில் தொங்கிய மைக்கின் பொத்தானை அழுத்தினாள். "கேக்குது, கேக்குது. நான் சுகம். நீங்கள் இருங்கோ, சாப்பிடுங்கோ, ஓடி வரவேண்டாம்."

ரூபினி ஐஸை எடுத்துப் பார்த்தாள். கொஞ்ச நேரத்தில் சத்தம் தேய்ந்தது. வைத்தாள், வந்தது. கள்ளன் பிடிபட்டுவிட்டான். இனி இறங்கலாம். ஆனால் அல்பேர்ட் அங்கே பாதிச் சாப்பாட்டில் இருந்தார். அவள் இறங்கவில்லை. முக்காலியில் நின்றபடி ஐஸை அந்தச் சின்னத் தலையில் பிடித்துக்கொண்டே நின்றாள். மற்றக் கையால் துவாயை ஏந்திக்கொண்டாள், ஒரு சொட்டும் பலகையில் விழக்கூடாது. சிவப்பு உருகி முழங்கை வரைக்கும் ஓடியது. கீழே இராசாத்தி ஒரு கையால் பொத்தானையும் மறுகையால் சோற்றையும் பார்த்துக்கொண்டு மச்சாளின் வாயைப் பற்றிச் சொன்னாள். கடலில் அல்பேர்ட் சிரித்தார். அன்றைக்கு அவர் மூன்று ஆளின் சோற்றைச் சாப்பிட்டிருக்க வேண்டும், அவ்வளவு நேரம். சிவப்பு முடிந்து மஞ்சள், மஞ்சள் முடிந்து பச்சை.

சாப்பாடு முடிந்ததும்தான் இராசாத்தி நிமிர்ந்து பார்த்தாள். "ஐயோ பிள்ளை, உனக்குப் போடேல்லை."

"எனக்குப் பஸ்ஸுக்கு நேரமாகுது அக்கா."

இராசாத்தியின் செற்றை மடியில் வைத்துக்கொண்டு ரூபினி பஸ்ஸில் திரும்பினாள். அதேமாதிரிச் செற் ஒன்று அவளுடைய கொட்டிலிலும் இருந்தது. சங்கம் கொடுத்தவற்றில் ஒன்று, எடுக்க ஆள் வராமல் அவளோடேயே தங்கிவிட்டது. கொழும்புக்குச் சொல்லிப் புது உறுப்பு வர நாளாகும். கொட்டிலுக்கு வந்ததும் ஒரு அலுமினியத் துண்டை வெட்டி, வளைத்து, நோயாளி உறுப்பின் தலையில் தொப்பிபோல மாட்டினாள். சூட்டை அது வெளியே இழுக்கும். ஒரு மாதம் தாங்கும். அதற்குப் பிறகு மறுபடி சத்தம் நிற்கும். மறுபடி ஒருத்தி பஸ் ஏறி வருவாள். வந்து சுவரில் சாய்வாள். ரூபினி தொப்பியையே பார்த்துக்கொண்டிருந்தாள். மெத்தை போட்ட கதிரையைப் பார்த்தாள். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு மணலில் இருக்கிற ஒரு மனுசனை அவள் பார்த்ததில்லை. ஆனாலும் அவர் வந்து அந்தக் கதிரையில் இருந்தார்.

தொப்பியைக் கழற்றினாள். தன் செற்றிலிருந்து நல்ல உறுப்பை எடுத்து இராசாத்தியின் செற்றில் ஈயம் வைத்து ஒட்டினாள். ஹெயார் ட்ரையரை மேசைக்குக் கீழேயிருந்து எடுத்துப் பலகை சுடச்சுடப் பிடித்தாள். செற் மூச்சுவிடாமல் கதைத்தது. மிஞ்சியிருந்த நோயாளி உறுப்பை எறிய மனம் வரவில்லை. அதைத் தன் செற்றில் போட்டாள். இந்தச் சுவரோடு இருக்கிற வரைக்கும் அதற்கு ஒரு குறையும் வராது. குளிரிலே மட்டும் வேலை செய்கிறவை சேர்ந்து இருக்கட்டும்.

இராசாத்தி வந்து செற்றை எடுத்தாள். பூப்போட்ட கப்பில் பாதியைக் குடித்தாள்.

"இனி வரத் தேவையில்லை எண்டு நினைக்கவே நிம்மதியாக் கிடக்கு. அந்த பஸ்ஸிலை ஏறி இறங்க என்ரை காலுக்கு ஏலாது."

"ஓம் அக்கா. இனித் தேவையில்லை."

தேவையில்லைதான். அவள் வரவில்லை.

மத்தியானங்களில் ரூபினி பார்சலை அவிழ்க்கும்போது தன் செற்றைப் போடுவாள். "இராசாத்தி, சோத்தைப் போட்டிட்டியோ?" என்று கரகரத்த குரல் கேட்கும். "ஓம்" என்று ரூபினியும் வாய்க்குள் சொல்லுவாள். பொத்தானை ஒருநாளும் அழுத்தினதில்லை. அடுத்தவர் கோப்பைக்குள் கை வைக்கிறமாதிரி இருந்தது. அவர்களுக்கு என்ன கறி என்பது அவளுக்கு அத்துப்படியாகியது. வெள்ளிக்கிழமைகளில் மரக்கறி. அல்பேர்ட்டுக்குக் கத்தரிக்காய் பிடிக்காது, ஆனால் சொல்லமாட்டார். அவர்கள் சிரிக்கும்போது சத்தம் போடாமல் மெல்லுவாள், அவள் மெல்லுவது கடல் தாண்டிக் கேட்டுவிடும் என்பதுபோல. கொழும்பிலிருந்து புது உறுப்பு வந்தது. அதை மேசை லாச்சிக்குள் போட்டாள். இப்போது என்ன அவசரம், செற் நன்றாகத்தானே கதைக்கிறது.

பங்குனிக் கடைசியில் ஐஸ் பக்டரியின் மெசின் பழுதாகி நின்றது. சுவர் முதலில் வேர்த்தது. பிறகு மற்றச் சுவர்களைப்போலச் சுட்டது. தடிமன் பிடித்த காகம் தொண்டை திறந்து, இத்தனை நாள் சேர்த்து வைத்ததையெல்லாம் ஒரே காலையில் கரைந்து தீர்த்தது என்று கேள்வி. கொட்டிலுக்குள் ரூபினி விசிறியோடு இருந்து பார்சலை அவிழ்த்தாள். செற்றில் இராசாத்தி எதையோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தாள். பிறகு சொன்னாள்:

"உந்தச் செற் திருத்துற பிள்ளை, ரூபினி, அவளுக்கு நான் அண்டைக்கு..."

சத்தம் நின்றது.

ரூபினி சோற்றில் வைத்த கையோடு இருந்தாள். தன் பெயரை இன்னொருவரின் வாயில், சாமான் ஒன்றும் கையில் இல்லாத நேரத்தில், அவள் கேட்டுக் கனகாலம். செற்றைத் தட்டினாள். லாச்சியைத் திறந்தாள். புது உறுப்பு அங்கே கிடந்தது. மாற்றுவதற்குக் கொஞ்ச நேரம் போதும். மாற்றினாலும் போன சொல் திரும்பி வராது. லாச்சியை மூடினாள். கையைக் கழுவினாள். செற்றைத் துவாயில் சுற்றிக்கொண்டு பஸ் நிலையத்துக்கு நடந்தாள்.

அளம்பிலில் இறங்கியபோது வெயில் சாய்ந்திருந்தது. இராசாத்தி முற்றம் கூட்டிக்கொண்டிருந்தாள்.

"என்ன பிள்ளை, செற்றோடை?"

"என்ரை செற் அக்கா. மத்தியானத்திலை கதைக்குதில்லை."

இராசாத்தி விளக்குமாற்றை மாமரத்தில் சாத்தினாள். உள்ளே போய்த் தன் செற்றின் வயரைக் கழற்றி இதில் மாட்டிப் போட்டாள். பஸ் யன்னல் காற்றில் ஆறியிருந்த செற், நண்டு வலைச் சண்டையைத் தெளிவாகச் சொன்னது.

"கதைக்குதே."

"இஞ்சை கதைக்கும். வீட்டை கதைக்காது."

இராசாத்தி அவளை நன்றாகப் பார்த்தாள். அந்த முகத்தில் கோபமும் இல்லை, சிரிப்பும் இன்னும் வரவில்லை.

"பிழை ஒண்டும் இல்லைப் பிள்ளை" என்றாள். பிறகு குசினிக்குள் போனாள். "அண்டைக்கு முக்காலியிலை நிண்டு கை விறைக்க ஐஸ் பிடிச்சாய், உனக்கு ஒரு பிடி சோறு போடாமல் அனுப்பினனான். இண்டைக்கும் அதைத்தான் அவருக்குச் சொல்லிக்கொண்டிருந்தனான். இரு. மீன் கொஞ்சம் கிடக்கு."

ரூபினி இருந்தாள். கோப்பை வந்தது. செற்றை ஒருவரும் நிறுத்தவில்லை. அது தன்பாட்டில் கதைத்துக்கொண்டிருந்தது.

ஐஸ் பக்டரி மறுபடி ஓடத் தொடங்கிவிட்டது. சுவர் பழையபடி குளிர்ந்து கிடக்கிறது. மத்தியானங்களில் ரூபினி தனியத்தான் சாப்பிடுகிறாள். கொழும்பிலிருந்து வந்த உறுப்பு இன்னும் லாச்சிக்குள்ளேயே இருக்கிறது. மாதத்தில் ஒரு நாள், வெயில் கடுமையாக எரிக்கிற நாளாகப் பார்த்து, அவள் தன் செற்றை வெளியே கொண்டுபோய்த் தகரத்தின் மேல் வைக்கிறாள். நன்றாகச் சுட்டு, கதையை நிறுத்தட்டும் என்று பக்கத்தில் நின்று காவல் பார்க்கிறாள். நிறுத்தியதும் துவாயை எடுத்துச் சுற்றிக்கொண்டு அளம்பில் பஸ்ஸுக்கு நடக்கிறாள்.